பந்தியில் கேட்டால் பதில் சொல்லலாமா?

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் விவாகரத்து, ஜீவனாம்சம், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு யாருக்கு என்பவற்றைப் பற்றித்தான் இருக்கும். இந்த முறை எழுதியிருப்பவர் ஒரு வழக்கறிஞர். அவரை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 28 வயது. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். வழக்கறிஞராகி இரண்டரை ஆண்டு ஆகிறது. நகர மையத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் வங்கிக் கடன் ஒப்பந்தங்களைப் பார்க்கிறார். புதன்கிழமை மாலைகளில் வீட்டுக்குப் பக்கத்துச் சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குத் தொண்டூழியராகப் போகிறார். "புதன்கிழமை ராத்திரி எனக்குத் தூக்கமே வருவதில்லை. ஆனால் வாரத்தில் அன்றைக்கு மட்டும்தான் நான் வக்கீல் என்ற நினைப்பு வருகிறது" என்று எழுதியிருக்கிறார்.

சைனாடவுனில் மூன்றே வழக்கறிஞர்கள் உள்ள ஒரு சிறிய அலுவலகம் அவரைக் குடும்ப வழக்குகளுக்கு அழைத்திருக்கிறது. சம்பளம் மாதம் 2,000 வெள்ளிக்கு மேல் குறையும். "டைவர்ஸ் லாயர்னு சொன்னா பொண்ணு பார்க்க வர்றவங்க வாசலோட திரும்பிடுவாங்க" என்கிறார் அம்மா. நிரந்தரவாச விண்ணப்பங்களை நிரப்பித் தரும் நிறுவனம் நடத்தும் தாய்மாமாவின் யோசனை வேறு: "அவங்ககிட்ட எதுக்குப் போகணும்? அடுத்த மாசமே நீ சொந்தமா ஆபீஸ் போடு. இடத்துக்கு நான் பணம் தர்றேன், ஆளும் அனுப்புறேன். வர்ற ஃபீஸில் எனக்கு 20 விழுக்காடு."

கடைசியில் ஒரு விஷயம். சில வாரங்களுக்கு முன் சமூக மன்றத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் வந்தார். கணவர் சிங்கப்பூர்க் குடிமகன். திருமணமாகி நான்கு வருடம், இரண்டு வயதில் பிள்ளை. அந்தப் பெண்ணின் நீண்டகால வருகை அனுமதி மூன்று மாதத்தில் முடிகிறது. "புதுப்பிக்கக் கையெழுத்துப் போடமாட்டேன், ஊருக்குப் போ" என்கிறாராம் கணவர். நம் வாசகி மனசு கேட்காமல் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, குடிநுழைவு ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, தன் சொந்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்பியும் கொடுத்துவிட்டார். இரண்டு வாரம் கழித்து, கோயில் செயற்குழுவில் இருக்கும் அப்பா சாப்பாட்டு மேசையில், "நம்ம செயற்குழு நண்பர் மகன் வீட்டில் ஏதோ தகராறாம், நீ கொஞ்சம் பேசிப் பாரேன்" என்றிருக்கிறார். அந்த மகன்தான் இந்தக் கணவர்.

துறை மாறலாமா, மாமாவின் யோசனையில் தவறு உண்டா, அந்தப் பெண்ணுக்கு உதவியதால் சிக்கல் வருமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

மூன்றாவது கேள்வியை "அப்புறம் ஒரு சின்ன விஷயம்" என்று போட்டுக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஆலோசனைக்கு வருகிறவர்கள் எழுந்து கதவுவரை போய்த் திரும்பிச் சொல்கிற அந்தச் சின்ன விஷயம்தான் பெரும்பாலும் அவர்கள் வந்த காரணமாக இருக்கும். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்பாவிடம் என்ன சொல்வது?

"அப்பா, அந்தப் பெண்ணை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன், அதனால் முடியாது" என்று சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மறுப்பது போலத் தெரிந்தாலும் அந்த வாக்கியம் ஒரு தகவலைக் கொடுத்துவிடுகிறது. மனைவி வழக்கறிஞரைத் தேடிப் போயிருக்கிறார் என்ற செய்தி அன்றிரவே செயற்குழு நண்பர் வீட்டுக்குப் போய்விடும். கையெழுத்துப் போடமாட்டேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தவர் அடுத்து என்ன செய்வார் என்று நமக்குத் தெரியாது. ஒருவர் நம்மிடம் வந்தார் என்பதே ரகசியம்தான்.

நான் இதற்கு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உறவினர், கோயில், பக்கத்து வீடு வழியாக வரும் எந்தக் குடும்பப் பிரச்சினையையும் நான் எடுப்பதில்லை. எனக்கு அவர்களைத் தெரியாவிட்டாலும் எடுப்பதில்லை. எல்லாருக்கும் எப்போதும் ஒரே பதில் என்றால், அந்தப் பதிலிலிருந்து யாரும் எதையும் மோப்பம் பிடிக்க முடியாது. நீங்களும் அப்பாவிடம் இன்றைக்கே "உங்க நண்பர்கள் வீட்டு விஷயம் எதுவும் என்கிட்ட வேண்டாம்பா, இது மட்டுமில்ல, இனிமே எதுவும்" என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் கோபப்படுவார். ஒரு தைப்பூசம் வந்து போனால் சரியாகிவிடும்.

அடுத்து, அந்தக் கடிதம். நீங்கள் ஒரு நிறுவனத்தின் ஊழியர். நிறுவனத்தின் தொழில்முறைக் காப்புறுதி அதன் கோப்பில் உள்ள வேலைகளுக்குத்தான். வீட்டில் உட்கார்ந்து சொந்த மின்னஞ்சலில் அனுப்பிய கடிதத்தில் ஒரு தேதி தவறாக இருந்து, அதனால் அந்தப் பெண்ணுக்குப் பாதிப்பு வந்தால், உங்களுக்குப் பின்னால் யாரும் நிற்கமாட்டார்கள். நலன் முரண் இருக்கிறதா, அதாவது எதிர்த்தரப்பும் தன் கட்சிக்காரராக இருக்கிறாரா என்று நிறுவனம் சரிபார்த்திருக்கவும் வழியில்லை. சமூக மன்ற ஆலோசனையில் வாய்மொழியாக மட்டும் சொல்ல வேண்டும், ஆவணம் எழுதித் தரக்கூடாது என்று விதி வைத்திருப்பது சோம்பலால் அல்ல.

இதை மறைக்காதீர்கள். நிறுவனத்தில் உங்கள் மேலதிகாரியிடமும் ஆலோசனை நிலையத்தின் பொறுப்பாளரிடமும், தேவைக்கு மேல் அந்தப் பெண்ணைப் பற்றிய விவரம் எதுவும் இல்லாமல், நடந்ததைச் சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் முகம் சிவக்கும். ஆறு மாதம் கழித்து வேறு யாராவது போய்ச் சொன்னால் அரை மணி நேரத்தோடு போகாது.

அந்தப் பெண்ணுக்கு இனி யார்?

அவரை அப்படியே விட்டுவிடச் சொல்லவில்லை. சரியான வாசலில் விடச் சொல்கிறேன். அவர் மனதில் இருக்கும் பயம், கணவர் கையெழுத்துப் போடாவிட்டால் மறுநாளே விமானம் ஏற வேண்டும் என்பது. அது அவ்வளவு நேரானதல்ல. குடிநுழைவு ஆணையம் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அதனதன் சூழ்நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. குடிமகனான ஒரு சிறு குழந்தையை அம்மா வளர்க்கிறார் என்பது எடையுள்ள விஷயம். ஆனால் அது அவருடைய உரிமை அல்ல. "ஒன்றும் ஆகாது" என்று உறுதி கொடுத்துவிடாதீர்கள்.

அரசாங்கத்தின் சட்ட உதவி அலுவலகம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் வழக்காடித் தரும். வருகை அனுமதியில் இருக்கும் மனைவி அங்கே போனால் வெறுங்கையோடுதான் திரும்புவார். இதைத் தெரிந்துகொள்ளாமல் மூன்று வாரத்தை வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் முதலில் போக வேண்டியது வீட்டுக்கு அருகில் உள்ள குடும்ப சேவை நிலையம். அங்கிருக்கும் சமூக ஊழியரின் குறிப்புக்கு வழக்கறிஞர் கடிதத்தைவிட மதிப்பு அதிகமாக இருப்பதும் உண்டு. தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போனால் ஆணையத்துக்கு ஒரு கடிதம் கிடைக்கும். கணவர் வீட்டுச் செலவுக்குப் பணம் தராவிட்டால், விவாகரத்துக் கேட்காமலேயே, மாதர் சாசனம் என்ற இங்குள்ள குடும்பச் சட்டத்தின் கீழ் தனக்கும் பிள்ளைக்கும் பராமரிப்புத் தொகை கேட்டு ஹேவ்லாக் ஸ்கொயரில் உள்ள குடும்ப நீதிமன்றத்தில் மனுப்போடலாம். இதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. அடி உதை இருந்தால் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அடி இல்லாமல் மனத்தைச் சிதைக்கும் கொடுமை என்றாலும் கேட்கலாம். 2025 ஜனவரி 2 முதல் சட்டமே அதைத் தெளிவாகச் சொல்கிறது. வன்முறைக்கான 24 மணி நேர உதவி எண் 1800-777-0000. இந்த எண்ணை அவர் தன் கைப்பேசியில் "உதவி" என்ற பெயரில் சேமிக்கக் கூடாது, வேறு ஏதாவது பெயரில் வைத்துக்கொள்ளட்டும்.

கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. இந்த மாதிரிக் கதைகளில் முக்கால்வாசி நேரம் அது மாமியாரின் அலமாரியில் இருக்கும். இன்னொருவரின் கடவுச்சீட்டைப் பிடித்து வைத்துக்கொள்வது இங்கே குற்றம். பலருக்கு இது தெரிவதில்லை.

என் பந்திக் கதை

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போகும்படி அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். நான் ஒருமுறை சொல்லியிருக்கிறேன்.

வழக்கறிஞராகி நாலாவது வருடம். ஒரு கல்யாணம். இலை போட்டு, அப்பளம் வைத்து, சாம்பார் வாளி இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "அக்கா, நீங்க வக்கீல்தானே, ஒரு நிமிஷம்" என்று ஆரம்பித்தார். கணவரோடு சண்டை, மாமியாரோடு சண்டை, மூன்று வயதுப் பெண் குழந்தை. பேச்சு முடிவதற்குள் சாம்பார் வந்துவிட்டது. "கொஞ்ச நாள் குழந்தையோட அம்மா வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாங்க, மனசு ஆறும்" என்றேன். ஓர் அக்கா சொல்கிற மாதிரிதான் சொன்னேன். அவர் அதை வக்கீல் சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

போனவர் எட்டு மாதம் திரும்பவில்லை. இங்கே அவருடைய அனுமதி காலாவதியானது. இந்தியக் கடவுச்சீட்டு என்பதால் திரும்பி வர விசா வேண்டும், அதற்கு இங்கே ஒருவர் முன்மொழிய வேண்டும். முன்மொழிய வேண்டிய கணவரோ அதற்குள் இங்கே பிள்ளைக்காக வழக்குப் போட்டுவிட்டார். அந்தப் பெண் அங்கே பதில் வழக்குப் போட்டார். பிள்ளைகளை வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போவதைத் தடுக்கும் ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் சேர்ந்து, 2011 முதல் அதற்கென்று சட்டமும் வைத்திருக்கிறது. இந்தியா அதில் இல்லை. அதாவது, இங்கிருந்து அங்கே போன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் சொல்ல அந்த வழி கிடையாது. இரண்டு ஊர், இரண்டு நீதிமன்றம், இரண்டு பக்க வக்கீல் செலவு. அப்பா கடைசியில் பிள்ளையைப் பார்த்தபோது அது பாட்டியின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர்கூட எனக்குத் தெரியாது, நான் கேட்கவே இல்லை. அனுமதி எப்போது முடிகிறது, நீதிமன்ற ஆணை ஏதாவது இருக்கிறதா, கணவரின் எழுத்துச் சம்மதம் உண்டா என்ற மூன்று கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளையைப் பற்றிய ஆணை இருந்தால், அதை மீறி நாட்டைவிட்டு அழைத்துப்போவது இன்னும் மோசமான சிக்கல். அன்றிலிருந்து பந்தியில், கோயில் வரிசையில், மின்தூக்கியில் யார் கேட்டாலும், "அலுவலகத்துக்கு வாங்க, இல்லாட்டி புதன்கிழமை சமூக மன்றத்துக்கு வாங்க" என்றுதான் சொல்கிறேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வந்தது. இருக்கட்டும்.

"குடிநுழைவு வழக்கறிஞர்" என்ற பெயர்

"குடும்ப வழக்கும் குடிநுழைவு வழக்கும் சேர்த்துச் செய்ய ஆசை" என்று எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்கத் தொடர்களைப் பார்த்து வந்த படம் உங்கள் மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: நீதிபதி முன்னால் நின்று நாடு கடத்தலைத் தடுக்கும் வக்கீல். சிங்கப்பூரில் அப்படி ஒரு மேடை இல்லை. குடிநுழைவுச் சட்டத்தின் 39ஏ பிரிவைக் கல்லூரியில் படித்திருப்பீர்கள், மறுபடி ஒருமுறை படியுங்கள். அமைச்சரோ குடிநுழைவுக் கட்டுப்பாட்டாளரோ அந்தச் சட்டத்தின் கீழ் எடுத்த முடிவை, நடைமுறை விதி மீறப்பட்டதா என்ற கேள்வியைத் தவிர வேறு எதற்காகவும் நீதிமன்றம் மறுஆய்வு செய்ய முடியாது. ஆகவே இந்த வேலையின் பெரும்பகுதி கடிதம். யாருக்கு, எந்தத் தாளோடு, எந்த மாதத்தில், எந்தத் தொனியில் எழுதுவது என்பதுதான் கலை. சில நேரம் எழுதாமல் இருப்பதும் ஆலோசனைதான்.

ஆனால் நம்மிடம் வரும் குடும்பங்களுக்குத் திருமணமும் அனுமதி அட்டையும் ஒரே முடிச்சு. அதனால்தான் இரண்டையும் தெரிந்த ஆள் தேவைப்படுகிறார். நிபுணத்துவ வேலையில் உள்ள வெளிநாட்டவர் மனைவியை சார்ந்திருப்போர் அனுமதியில் அழைத்துவர மாதம் குறைந்தது 6,000 வெள்ளி சம்பளம் வேண்டும். அந்த மனைவி வேலை பார்க்க வேண்டுமானால், 2021 மே மாதத்திலிருந்து தனக்கென்று ஒரு வேலை அனுமதி வாங்க வேண்டும். கணவருக்கு வேலை போனால் அவருடைய அனுமதியோடு மனைவியுடையதும் போகும். விவாகரத்துப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது ஆட்குறைப்பில் வேலை போன ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். இருவரும் வெளிநாட்டவர், இங்கே வந்து இரண்டரை வருடம்தான் ஆகியிருந்தது. இருவரில் ஒருவராவது இந்த நாட்டை நிரந்தர இருப்பிடமாகக் கொண்டவராகவோ, தொடர்ந்து மூன்று வருடம் இங்கே வாழ்ந்தவராகவோ இருந்தால்தான் இங்குள்ள நீதிமன்றம் விவாகரத்து மனுவை எடுக்கும். அவர் என்னிடம் கேட்டது விவாகரத்துப் பற்றி. நான் பதில் சொன்னது நாட்காட்டியைப் பார்த்து.

இன்னொரு வகைக் கேள்வி சமூக மன்றத்தில் உங்களுக்கு நிச்சயம் வரும். வேலை அனுமதிச் சீட்டில் இங்கே உழைக்கும் தம்பி, சிங்கப்பூர்ப் பெண்ணைக் காதலித்து, ஊருக்குப் போய்க் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு வந்து நிற்பார். குடிமகளையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் முன்அனுமதி வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். தாலி கட்டிய பிறகு வந்தால் நாம் செய்யக்கூடியது கொஞ்சம்தான். ஒரு ஞாயிறு லிட்டில் இந்தியாவின் தேக்காவில் தமிழில் அரை மணி நேரம் இதை மட்டும் விளக்கிப் பேசினால், பத்து வழக்குகளில் கிடைக்கும் பலன் அதில் கிடைக்கும். சமூக வேலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான், மாலை மரியாதை வரிசையெல்லாம் அப்புறம்.

இந்தியச் சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் இந்து முறைப்படி நடந்த திருமணத்துக்கு இங்கே விவாகரத்து வாங்கினால் அங்கே செல்லுமா என்று எல்லாரும் கேட்பார்கள். "செல்லும்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லாதீர்கள். இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தை வைத்து, மறுதரப்பு மனமுவந்து கலந்துகொள்ளாத நிலையில் வெளிநாட்டில் கொடுத்த விவாகரத்தை ஏற்க முடியாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. அங்கே ஒரு வழக்கறிஞரைப் பார்க்கச் சொல்லுங்கள். நாம் இரண்டு நாட்டுக்கும் வக்கீல் இல்லை.

மாமாவின் 20 விழுக்காடு

இதை நீட்டப் போவதில்லை. வேண்டாம். வழக்கு அனுப்புகிறவருக்குப் பணம் கொடுப்பது நம் தொழிலில் ஒழுங்கு மீறல், பெயரையே வழக்கறிஞர் பட்டியலிலிருந்து எடுக்கும் அளவுக்குப் போகக்கூடியது. வழக்கறிஞர் அல்லாத ஒருவரோடு கட்டணத்தைப் பங்குபோடுவதும் அப்படித்தான். "இடத்துக்கு நான் பணம் தர்றேன்" என்பதன் பொருள் அவர் உங்கள் பங்காளி என்பதுதான். அதோடு, அடுத்த மாதம் அலுவலகம் போடுவது உங்களால் முடியவே முடியாது. ஒரு சட்ட நிறுவனத்தில் மூன்று ஆண்டு ஊழியராக வேலை பார்த்து, நிர்வாகப் பயிற்சியும் முடித்த பிறகுதான் சொந்தமாகத் தொடங்கலாம். உங்களுக்கு இரண்டரைதான் ஆகியிருக்கிறது. மாமாவிடம் இந்த ஒரு காரணத்தை மட்டும் சொன்னால் போதும், உறவு கெடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி கேட்டால் மற்றக் காரணத்தையும் சொல்லுங்கள்.

நிரந்தரவாசம் "நிச்சயம்" என்று போடும் விளம்பரம் எதிலும் உங்கள் பெயரோ படமோ வரக்கூடாது. விண்ணப்பத்தை யார் நிரப்பிக் கொடுத்தாலும் ஆணையம் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. விண்ணப்பக் கட்டணம் 100 வெள்ளி. அதற்குமேல் ஆயிரக்கணக்கில் கொடுத்து ஏமாந்தவர்களும் நம் சமூக மன்றத்துக்குத்தான் வருவார்கள். அப்போது நீங்கள் மேசையின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

சரி, வரலாமா?

வரலாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் நீங்கள் எழுதிய காரணத்துக்காக அல்ல. "மக்களைக் காப்பாற்ற வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணத்தோடு வந்தவர்களில் பலர் இரண்டு வருடத்தில் திரும்பிப் போய்விட்டார்கள். நம்மிடம் வருகிற எல்லாரும் நல்லவர்கள் அல்ல. நீங்கள் காப்பாற்ற நினைத்த பெண், பிள்ளையை அப்பாவிடம் காட்டாமல் மூன்று சனிக்கிழமை பொய்க் காய்ச்சல் சொன்னவராக இருப்பார். நீங்கள் வெறுத்த கணவர், எம்ஆர்டி நிலைய வாசலில் பிள்ளையின் பையைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தவராக இருப்பார். நாளைக்கு அவரே உங்கள் கட்சிக்காரராகவும் வரலாம்.

வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். வாட்ஸ்அப் திரைப்பிடிப்புகள் நானூறு பக்கம். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிய வசவுகளை மொழிபெயர்ப்பாளர் சான்றோடு மொழிபெயர்க்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி யாருக்கு என்பதில் ஒரு மாதம் நிற்கும். அப்புறம் சொற்களோடு மல்லுக்கட்டு. ஒரு பாட்டி என் அலுவலகத்தில் அழுதார்: "மூணு வயசுப் புள்ளையை எதுக்கும்மா கஸ்டடியில வைக்கிறாங்க?" அவருக்குத் தெரிந்த கஸ்டடி போலீஸ் காவல் மட்டும்தான். குடும்ப வழக்கில் கஸ்டடி என்கிற, பள்ளி, மதம், பெரிய சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை ஒன்று, பிள்ளை தினமும் யாரோடு வாழ்கிறது என்பது இன்னொன்று. முதலாவதைப் பெற்றோர் இருவருக்கும் சேர்த்துக் கொடுப்பதுதான் 2005இல் வந்த மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு இங்கே வழக்கம். இதைப் புரியும்படி தமிழில் சொல்ல எனக்கே பத்து வருடம் ஆனது. "எனக்குத் தமிழ் தெரியும், அதுவே பலம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுத் தமிழ் வேறு, இது வேறு. இப்போதிருந்தே பழகுங்கள்.

வருவதற்கு இது நல்ல நேரமும்கூட. 2024 ஜூலை 1 முதல் யார் மேலும் குற்றம் சாட்டாமல் இருவரும் ஒத்துக்கொண்டு விவாகரத்துக் கேட்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் குடும்ப நீதிமன்ற விதிகள் முழுவதும் மாறின. 2025 ஜனவரியில் பராமரிப்புத் தொகையை வசூலிக்கும் முறை மாறியது, பணம் இருக்கிறதா இல்லையா என்று விசாரிக்கவே அதிகாரிகள் வந்துவிட்டார்கள். என்னைப் போல் இருபது வருடமாக ஒரே பாதையில் நடந்தவர்களும் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறோம். புதிதாக வருகிற உங்களுக்கு மறக்க வேண்டியது எதுவும் இல்லை. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: குடும்ப, குற்றவியல் வழக்குகளுக்கு ஆள் வேண்டும் என்றுதான் 2017இல் இந்த நாடு மூன்றாவது சட்டப் பள்ளியையே திறந்தது. கல்யாணக் கவலைக்கு என்னிடம் சட்டம் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

சைனாடவுன் அலுவலகத்துக்கு உடனே சரி சொல்லாதீர்கள். ஒரு நாள் விடுப்புப் போட்டு அங்கே போய் உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். ஒரு கட்சிக்காரர் அழும்போது மூத்தவர் என்ன செய்கிறார், சமரசத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறார், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறார் என்று கவனியுங்கள். இலவச ஆலோசனைக்குப் போக அனுமதி உண்டா, அங்கே பார்த்தவர்கள் அலுவலகத்துக்கு வந்தால் எடுப்பார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். "எடுப்போம், அதற்குத்தானே அனுப்புகிறோம்" என்று பதில் வந்தால், இலவச ஆலோசனையை ஆள் பிடிக்கும் இடமாகப் பார்க்கிறார்கள் என்று பொருள். 2,000 வெள்ளி குறைவதைவிட அதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். சம்பளக் குறைவுக்கு ஒரு வருடச் செலவைக் கையில் சேர்த்துக்கொண்டு வாருங்கள். குடும்ப வழக்கில் ஜெயித்தால் பங்கு என்ற ஏற்பாடு கிடையாது, கட்டணம் சொல்லித்தான் வாங்க வேண்டும், பாதிப்பேர் தவணையில்தான் தருவார்கள்.

இந்தப் புதன்கிழமை சமூக மன்றத்துக்குப் போகுமுன் பொறுப்பாளரிடம் பேசிவிடுங்கள். அந்தப் பெண்ணுக்கு அவர் வழியாகவே குடும்ப சேவை நிலையத்தின் முகவரி போகட்டும். உங்கள் கைப்பேசியில் இருக்கும் அவருடைய செய்திகளை அழித்துவிடாதீர்கள், யாரிடமும் காட்டவும் வேண்டாம். வரும் வழியில் பெட்டிக்கடையில் நின்று இன்னொரு சிம் அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. வேலை எண்ணை இரவு ஒன்பதுக்கு அணைத்துவிடலாம்.